கோழிக்குத் தண்ணீர் வைத்த தட்டு

திருநகரில் என் வீட்டு முன்னறைக்குள் வருகிற யாரும் முதலில் பார்ப்பது சுவரில் தொங்கும் அந்தக் காப்புரிமைச் சான்றிதழைத்தான். காப்புரிமை முகவர் தேர்வில் தேறிய கையோடு என்னைப் பார்க்க வருகிற நீங்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல அதன் முன்னால் நின்று, "மேடம், இது நீங்க வாங்கிக் குடுத்ததா? சூப்பர் மேடம்" என்கிறீர்கள். போன வாரம் வந்த ஒரு பிள்ளை அதன் பக்கத்தில் நின்று செல்ஃபியே எடுத்துக்கொண்டது. நான் ஒன்றும் சொல்லாமல் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அப்புறம் அன்று முழுக்க மனசு ஆறவில்லை. என் தொழிலில் நான் செய்த தப்புகளிலேயே பெரிய தப்பு அந்தக் கண்ணாடிக்குள்தான் இருக்கிறது. அதை வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. ஒருமுறை எழுதிவிடுகிறேன், எல்லோரும் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். காப்புரிமை விண்ணப்பத்தில் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிறோம், படம் போடுகிறோம். அதெல்லாம் முடிந்து கடைசியில் எண் போட்டுச் சில வாக்கியங்கள் வரும். உரிமைக்கோரிக்கை என்று அதற்குப் பெயர். நாம் யாரும் அப்படிச் சொல்வதில்லை, கிளெய்ம் என்றுதான் சொல்கிறோம். "இன்னின்ன உறுப்புகள் உள்ள இந்தப் பொருள் என்னுடையது" என்று சொல்லும் வாக்கியம் அது. சட்டம் காப்பாற்றுவது அந்த வாக்கியத்தை மட்டும்தான். அதில் சொன்ன உறுப்புகள் அத்தனையும் போட்டியாளர் இயந்திரத்தில் இருந்தால் அவர் மாட்டினார். ஒன்றே ஒன்று இல்லாவிட்டாலும் பெரும்பாலும் கையை வீசிக்கொண்டு போய்விடுவார். ஆக, வாக்கியத்தில் ஒரு சொல் கூடினால் உங்கள் கட்சிக்காரரின் இடம் ஒரு அடி குறைகிறது. இது உங்கள் பாடப்புத்தகத்திலும் இருக்கும். நானும் படித்துத் தேறியவள்தான். படித்ததைச் சமயத்தில் மறக்க எனக்கு ஒரு நல்ல மனிதர் தேவைப்பட்டார், அவ்வளவுதான்.

அவர் பெயர் சோலைமலை என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்கானூரணிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கப்பலூரில் ஒரு ஷெட்டில் லேத் வைத்து, ஆறு பேருக்கு வேலை கொடுத்து, வருகிற ஆர்டருக்கு இயந்திரங்கள் செய்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி பேச்சியம்மாள் புளி வாங்கிக் கொட்டை எடுத்து விற்கும் வியாபாரம் பார்த்தார். புளி தட்ட ஆள் கிடைக்கவில்லை என்று பேச்சியம்மாள் புலம்பப் புலம்ப, சோலைமலை கொட்டை எடுக்க ஒரு இயந்திரம் செய்தார். அதற்குக் காப்புரிமை வாங்கவேண்டும் என்று என் அலுவலகத்துப் படியேறி வந்தார்.

நான் இந்தத் தொழிலுக்கு வருமுன் நாகமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தியவள். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அது ஏன் இப்படி ஓடுகிறது என்று கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது. மறுநாளே கப்பலூருக்குப் போய்விட்டேன்.

இயந்திரம் பார்க்க ஒன்றும் பிரமாதமாக இல்லை. ஒரு உருளைக் கூட்டுக்குள் ஒரு தண்டு. தண்டில் எட்டு அடிகட்டைகள். கீழே ஒரு சல்லடை, அதற்கும் கீழே கொட்டை வந்து விழ ஒரு தண்ணீர்த் தட்டு. மோட்டாரைப் போட்டதும் தண்டு சுழன்று புளியை அடித்தது. மூன்று சுற்று போனதும் 'டக்' என்று ஒரு சத்தம். தண்டு ஒரு சுற்று பின்னால் திரும்பியது. மறுபடி முன்னால் மூன்று, பின்னால் ஒன்று.

"இது ஏன் பின்னால திரும்புது?" என்றேன்.

"அத விடுங்க மேடம், இந்த அடிகட்டயப் பாருங்க. வைரம் பாஞ்ச கருவேல மரம். ஒவ்வொண்ணும் நானே செதுக்குனது. மூணு மாசமாச்சு."

"கட்டை இருக்கட்டும் சோலைமலை. ஏன் திரும்புது?"

அவருக்கு அது கேட்கத் தகுந்த கேள்வியாகவே தெரியவில்லை. "புளியில நாரு இருக்கும்ல மேடம். அது தண்டுல போயிச் சுத்திக்கிரும். சுத்திச் சுத்தி இறுகி மிஷினே நின்னுபோகும். கத்திய வச்சு அறுத்தெடுக்கணும். அதான், இறுகுறதுக்கு முன்னாடியே கொஞ்சம் பின்னால திருப்பிவிட்டா அவுந்துக்கிருது. பழைய வாஷிங் மிஷினு ஒண்ணு கெடந்துச்சு, அதுல இருந்த டைமரக் கழட்டி மாட்டிவிட்டேன். அது ஒரு விசயமா?"

அடேயப்பா! எனக்குப் புல்லரித்துவிட்டது. அதற்கு முன்பே புளிக்கொட்டை இயந்திரங்கள் எத்தனையோ இருந்தன. நான் தேடிப் பார்த்த எல்லாவற்றிலும் நாரை அறுக்கக் கத்தி வைத்திருந்தார்கள், தண்டை வழவழப்பாக்கியிருந்தார்கள், எண்ணெய் விட்டிருந்தார்கள். நாரை அவிழ்த்துவிடலாம் என்று எனக்குத் தெரிந்து யாருக்கும் தோன்றவில்லை. கண்டுபிடித்தவருக்கோ அது ஒரு விஷயமாகவே இல்லை. பட்ட பாட்டை வைத்துத்தான் அவர் மதிப்புப் போடுகிறார். மூன்று மாதம் செதுக்கிய கட்டை அவருக்குப் பெரிது, அரை நாளில் மாட்டிய டைமர் சின்னது. இதை நீங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கப்போகிறீர்கள்.

நான் முதலில் எழுதிய கிளெய்ம் சுருக்கமானது. அடிக்கும் தண்டு, அது விட்டுவிட்டு எதிர்த்திசையில் திரும்பும், அவ்வளவுதான். சோலைமலையை வரச்சொல்லித் தமிழில் விளக்கிப் படித்துக் காட்டினேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"இம்புட்டுத்தானா மேடம்?"

"இம்புட்டுத்தான்."

"கட்டை எங்க? கருவேல மரம் எங்க? எட்டுக் கட்டைல்ல? சல்லடை, தட்டு, ஒண்ணத்தையும் காணோமே!"

"அதெல்லாம் விளக்கத்துல இருக்கு. இங்க வேணாம்."

"என்ன மேடம் இப்பிடிச் சொல்லுறீக? ஒரு செண்டு நெலம் கிரயம் பண்ணுனாக்கூட, மாவடை, மரவடை, கெணறு, கெணத்துத் தண்ணிப் பாத்தியம், வண்டிப் பாதைன்னு ஒண்ணு விடாம எழுதித்தான மேடம் பத்திரம் போடுறாய்ங்க? எங்க பங்காளி ஒருத்தன் கெணத்த எழுதாம விட்டுட்டு இன்னைக்கு வரைக்கும் கோர்ட்டுக்கு அலையுறான். எழுதாத சாமான எவனாச்சும் தூக்கிட்டுப் போயிட்டா?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் வம்பு. நம் பக்கத்தில் உரிமை என்றாலே பத்திரம். பத்திரம் என்றால் நாலு எல்லையும் அதற்குள் இருக்கும் அத்தனை பொருளும். எழுத எழுதத்தான் பத்திரத்துக்குப் பலம். கிளெய்ம் அப்படியே தலைகீழ். "கிணறும் மரமும் உள்ள நிலம் என்னுடையது" என்று அதில் எழுதினால், பக்கத்துக்காரன் மரத்தை மட்டும் வெட்டிவிட்டு, இது மரமுள்ள நிலம் இல்லையே என்று சொல்லி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வான். இதை அவருக்குப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைப்பதுதான் என் வேலை. ஒருமுறை சொன்னேன், அவர் தலையை ஆட்டினார், முகம் தெளியவில்லை. அன்று எனக்கு வேறு இரண்டு வேலைகள் கெடுவில் நின்றன. அதைவிட, உண்மையைச் சொல்கிறேன், அவர் என்னை நம்பாமல் போய்விடுவாரோ என்று பயந்தேன். இரண்டு வரி எழுதவா இந்தம்மாவிடம் வந்தோம் என்று நினைத்துவிடுவாரோ என்று கூச்சமாக இருந்தது.

சென்னையில் நான் தொழில் பழகியபோது என் சீனியர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கிளெய்மை எழுதி முடித்ததும் ஒவ்வொரு சொல்லின் மேலும் விரலை வைத்து, "இந்தச் சொல்லைப் பாத்து சந்தோஷப்படப்போறது யாரும்மா? நம்ம ஆளா, எதிராளியா?" என்று கேட்பார். அன்று அந்த விரல் எனக்கு ஞாபகம் வந்தது. வந்தும் என்ன பிரயோசனம்? சோலைமலை சந்தோஷப்படட்டும் என்று எல்லாவற்றையும் முதல் கிளெய்முக்குள் அள்ளிப் போட்டேன். கருவேல மரத்தாலான எட்டு அடிகட்டைகள், வட்டத் துளையுள்ள சல்லடை, அதன் அடியில் தண்ணீர்த் தட்டு, மூன்று சுற்று முன்னால், ஒரு சுற்று பின்னால். ஒன்றரைப் பக்கம் வந்தது. படித்துக் காட்டியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அம்புட்டும் நம்மளதா மேடம்?"

"அம்புட்டும் உங்களதுதான்" என்றேன், வாய் கூசாமல்.

விண்ணப்பம் போட்டோம். காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதனை அறிக்கையில் பெரிய ஆட்சேபனை ஒன்றும் வரவில்லை. இரண்டு சின்னத் திருத்தங்கள் கேட்டார்கள், கொடுத்தேன். காப்புரிமை கிடைத்துவிட்டது. என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். ஒருவர் கேட்கிற இடம் யாருக்கும் வேண்டாத இடமாக இருந்தால் அதை மறுப்பேச்சில்லாமல் கொடுத்துவிடுவார்கள் என்று எனக்கு ஏனோ உறைக்கவில்லை. ஆகவே ஒரு கிளெய்ம் முட்டாமல் மோதாமல் உள்ளே போனால் சந்தோஷப்படாதீர்கள், ஒருமுறை பயப்படுங்கள்.

சோலைமலை ஷெட்டில் பூசை போட்டார். அந்தச் சான்றிதழைத் தேக்கு ஃபிரேம் போட்டு, குலசாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். பேச்சியம்மாள் கிடா விருந்தே வைத்துவிட்டார். அன்றிலிருந்து நான் 'மேடம்' போய் 'அக்கா' ஆனேன். சோலைமலைக்குத் தைரியம் வந்து, வேறு வேலைகளைக் குறைத்துக்கொண்டு, முழு மூச்சாகப் புளி இயந்திரத்தையே செய்ய ஆரம்பித்தார். அதுதான் அவருக்கு எல்லாமாக ஆனது.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து ஒருநாள் காலையில் என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. வேறு ஊர்ப் பெரிய கம்பெனி ஒன்றின் புளி இயந்திரம், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு களத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பளபளவென்று பெயிண்ட். முன்னால் மூன்று சுற்று, 'டக்', பின்னால் ஒரு சுற்று. பின்னாலேயே சோலைமலையின் குரல் வந்தது. "அக்கா, பாத்தீகளா? அப்பிடியே அடிச்சுட்டாய்ங்க. விடக்கூடாதுக்கா."

நானும் அதே கொதிப்பில் நோட்டீஸ் அனுப்ப ஏற்பாடு செய்தேன். அனுப்புமுன் என் கிளெய்மை நானே ஒருமுறை விரல் வைத்துப் படித்திருக்க வேண்டும். கோபத்தில் படிக்கவில்லை. பதில் இரண்டே வாரத்தில் வந்தது. மரியாதையான, சுருக்கமான கடிதம். எங்கள் இயந்திரத்தில் அடிகட்டைகள் ஆறு, அவை நைலான். தண்ணீர்த் தட்டு கிடையாது. ஆகவே உங்கள் உரிமைக்கோரிக்கை எங்களைத் தொடாது, வணக்கம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கப்பலூர் போனேன். போனில் சொல்லக்கூடிய சமாசாரம் இல்லை அது. ஷெட்டில் சோலைமலையும் பேச்சியம்மாளும் இருந்தார்கள். ஒரு லேத் ஓடாமல் நின்றது. இரண்டு ஆர்டர்கள் அந்தக் கம்பெனிக்குப் போய்விட்டதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார். கடிதத்தைத் தமிழில் சொன்னேன். ஆறு கட்டை, நைலான் என்றதும் சோலைமலை, "அது சும்மா ஏமாத்துக்கா, கட்டை எதுவா இருந்தா என்ன?" என்றார். தண்ணீர்த் தட்டு இல்லை என்றதும் பேச்சியம்மாள் நிமிர்ந்தார்.

"எந்தத் தட்டு? சல்லடைக்குக் கீழ இருக்குமே, அதுவா?"

"ஆமாம்மா."

"அதயா எழுதுனீக? ஏங்க்கா, அத நான் எடுத்துப்போட்டு ரெண்டு வருசமாச்சே! கொட்டை நனைஞ்சா எவன் வாங்குவான்? காஞ்ச கொட்டைக்குத்தான் வெல. அந்தத் தட்டுலதான் கோழிக்குத் தண்ணி வச்சிருக்கேன். வந்து பாருங்க, ஷெட்டுக்குப் பின்னாடி கெடக்கு."

போய்ப் பார்த்தேன். கிடந்தது. இரண்டு கோழிகள் அதில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

என் வாழ்க்கையில் அந்த மாதிரி வெட்கப்பட்டதில்லை. இயந்திரத்தைச் செய்தவரிடம் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். அதைத் தினமும் ஓட்டுகிற அம்மா பக்கத்திலேயே நின்று எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். "இதுல எது இல்லாட்டியும் ஓடும்?" என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

"இப்ப மாத்தி எழுத முடியாதாக்கா?" என்றார் சோலைமலை.

"முடியாது. காப்புரிமை வாங்கினப்புறம் எல்லையக் குறைச்சுக்கலாம், கூட்ட முடியாது. நாம விட்டது விட்டதுதான்."

"அப்ப அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கது என்னக்கா?"

 அவர் தானாகவே, "மாவடை மரவடைன்னு நாந்தான பிடிவாதம் பிடிச்சேன்" என்று முனகினார். அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. "இல்லை சோலைமலை. நீங்க கேட்டது உங்களுக்குத் தெரிஞ்ச வழக்கத்த வச்சு. எனக்குத் தெரிஞ்சிருந்தும் எழுதுனது நான். தப்பு என்னோடது" என்றேன். அவர் எழுந்து லேத் பக்கம் போய்விட்டார். பேச்சியம்மாள்தான் கார் வரைக்கும் வந்தார். "கோவத்துல இருக்காரு, போயிட்டு வாங்க" என்றார். அவர் குரலிலும் பழைய ஒட்டுதல் இல்லை.

அப்புறம் எட்டொன்பது மாதம் பேச்சே இல்லை. ஆறு ஆட்களில் மூன்று பேரை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். காரில் கப்பலூரைத் தாண்டும்போதெல்லாம் அந்த ஷெட்டுக்குப் போகும் திருப்பத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்தக் குறுகிய கிளெய்மை எழுதாமல் அகலமாகவே கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வாஷிங் மெஷினும் இப்படித்தானே திரும்புகிறது என்று காட்டி மறுத்தாலும் மறுத்திருப்பார்கள். ஆனால் நான் கேட்கவே இல்லையே, அதுதான் அறுத்தது.

ஒருநாள் சோலைமலையே போன் செய்தார். குசலம் ஒன்றும் விசாரிக்கவில்லை. "அக்கா, ஷெட்டுக்கு வர முடியுமா? ஒண்ணு செஞ்சிருக்கேன். வேற எவன்கிட்டயும் காமிக்கல."

"இந்தா வாரேன்" என்றேன். 

புது இயந்திரம். இதில் டைமர் இல்லை. புளியில் சிலது நார் அதிகம், சிலது குறைவு. கணக்குப்படி திரும்பினால் நார் இல்லாதபோது நேரம் வீண், அதிகம் இருக்கும்போது இறுகிவிடுகிறது. அந்தப் பெரிய கம்பெனி இயந்திரத்துக்கும் அதே நோய்தான். அதனால் சோலைமலை மோட்டாரையே ஒரு கீலில் தொங்கவிட்டு, ஒரு ஸ்பிரிங்கால் இழுத்துக் கட்டியிருந்தார். நார் சுற்றத் தொடங்கித் தண்டுக்குச் சுமை ஏறினால் மோட்டார் தன் உடம்பை முறுக்கிக்கொள்ளும். ஸ்பிரிங் கொஞ்சம் நீளும், ஒரு சுவிட்சைத் தொடும். தண்டு பின்னால் திரும்பி நாரை அவிழ்த்துவிடும். எவ்வளவு நார் என்று இயந்திரமே தெரிந்துகொள்கிறது! எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது, தட்டியும்விட்டேன். சோலைமலை சிரிக்கவில்லை.

"இத எப்பிடிக்கா எழுதுவீக?"

"இன்னைக்கு எழுதலை. இன்னைக்குக் கழட்டப்போறோம்" என்றேன். "பேச்சியம்மா, நீங்களும் வாங்க. நீங்கதான் சொல்லணும்."

ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்தோம். சல்லடையைக் கழற்றினோம், கொட்டையும் சதையும் ஒன்றாக விழுந்தன, ஆனால் நார் சுற்றவில்லை. "பிரிச்சு எடுக்க எங்கிட்ட மொறம் இருக்கு" என்றார் பேச்சியம்மாள். நாலு கட்டையைக் கழற்றினோம், மெதுவாக ஓடியது, ஆனாலும் ஓடியது. கருவேலங்கட்டைக்குப் பதில் ரப்பர் பைப்பை மாட்டினோம். கட்டைகளைக் கழற்றும்போது சோலைமலை மூஞ்சி போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பெற்ற பிள்ளைக்கு மொட்டை அடிப்பதுபோல நின்றார். கடைசியில் ஸ்பிரிங்கின் மேல் விரலை வைத்தேன்.

"இது இல்லாட்டி?"

"இது இல்லாட்டி ஓடாதுக்கா. இதுதான் உசுரு."

"நல்லா யோசிங்க. இந்த ஸ்பிரிங்குதான் வேணுமா, இது செய்யுற வேலைதான் வேணுமா?"

அவர் தரையில் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "எடைக்கல்லு தொங்கவிட்டாலும் ஆகும்... கரண்டு எம்புட்டு இழுக்குதுன்னு மீட்டர் வச்சுப் பாத்தும் திருப்பலாம். நமக்கு அந்த எலக்ட்ரானிக்ஸு வராது. ஆனா செய்யலாம்."

"அப்ப மூணு வழியையும் விளக்கத்துல எழுதுவோம், படம் போட்டு. உங்க மாவடை மரவடை எல்லாம் அங்கதான். கிளெய்முல ஸ்பிரிங்கு வராது."

"சுமை ஏறுனா பின்னால திரும்புற எல்லா மிஷினும் நம்மளதுன்னு எழுதிருவமா?" அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது.

பேச்சியம்மாள்தான் மடக்கினார். "கரும்புச் சாறு பிழியுறவன் சக்க சிக்குனா பின்னால சுத்துறான்ல? அவனும் ஒங்களுக்குக் கப்பம் கட்டணுமா?"

சரியான கேள்வி. ஊர்ப் பொதுப்பாதையையும் சேர்த்து வேலி போட்டால் வேலியையே பிடுங்கிவிடுவார்கள். கரும்புச் சாறு பிழிகிறவர் சிக்கி நின்ற பிறகு திருப்புகிறார். நம்முடையது நிற்கும் முன்பே திரும்புகிறது, நாரை அவிழ்க்கத் திரும்புகிறது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். புளியை அடிக்கும் சுழல் தண்டு, அதன்மேல் ஏறும் சுமையை உணரும் அமைப்பு, சுமை ஒரு அளவைத் தாண்டியதும் தண்டு நின்றுபோகும் முன்பே அதை எதிர்த்திசையில் திருப்பி நாரை அவிழ்ப்பது. மூன்று வரி.

"இம்புட்டுத்தானாக்கா?" என்றார் சோலைமலை. இந்த முறை முகம் சுண்டவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

இது முட்டாமல் மோதாமல் போகவில்லை. காகிதம் கிழிக்கும் இயந்திரம் சிக்கினால் பின்னால் சுழலுமே, இதில் என்ன புதுமை என்று ஆட்சேபனை வந்தது. பதில் கொடுத்தோம், ஏற்கவில்லை. விசாரணை வைத்தார்கள். வீடியோவில்தான், என் அலுவலகத்தில் இருந்தே. சோலைமலை கேமராவில் விழாமல் எனக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சமயம் அவருக்கு நிலைமை மோசம். காப்புரிமை கிடைத்துவிட்டால் ஒரு பெரிய ஆர்டர் தருவதாக ஒருவர் சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் ஷெட்டைக் காலிசெய்ய வேண்டியதுதான் என்று பேச்சியம்மாள் முதல்நாள் என்னிடம் தனியாகச் சொல்லி அழுதிருந்தார்.

அரைமணி நேரம் வாதம் நடந்தது. விசாரித்த அதிகாரி நல்ல மனிதர், உதவுகிற எண்ணத்தில்தான் கேட்டார். "ஸ்பிரிங் அமைப்பை முதல் கிளெய்மில் சேர்த்துக்கொள்கிறீர்களா? சேர்த்தால் சீக்கிரம் முடித்துவிடலாம்."

சேர்த்தால் சான்றிதழ் கைக்கு வந்துவிடும், ஆர்டரும் வந்துவிடும். ஷெட் பிழைக்கும், இப்போதைக்கு. மைக்கை மூடிவிட்டு சோலைமலையிடம் விஷயத்தைச் சொன்னேன். "உங்க நிலைமை எனக்குத் தெரியும். மறுத்தா மொத்தமும் போனாலும் போகும். சேக்கணும்னா சேத்துருவோம். உங்க முடிவுதான்."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் கேட்டார். "ஸ்பிரிங்குன்னு எழுதுனா எவனுக்குக்கா சந்தோசம்?"

நான் என் சீனியரைப் பற்றி அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சத்தியமாகச் சொன்னதில்லை. 

"அந்தக் கம்பெனிக்காரனுக்குத்தான்."

"அப்ப வேணாம். வர்றது வரட்டும்."

மைக்கைத் திறந்து, சேர்க்க விரும்பவில்லை என்று சொன்னேன். காகிதம் கிழிக்கும் இயந்திரம் நின்ற பிறகுதான் திரும்புகிறது, அதில் அவிழ்ப்பதற்கு ஒன்றும் இல்லை, புளி நாரைப் பற்றி யோசித்தவர் யாருக்கும் அதைப் பார்த்து இதைச் செய்யத் தோன்றாது என்று மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தேன். விளக்கத்தில் மூன்று வழிகளும் படத்தோடு இருந்தது அன்றைக்குக் கைகொடுத்தது. எழுத்துப்பூர்வமாகவும் கொடுத்தேன். முடிவு வர மாதங்கள் ஆயின. அந்த ஆர்டர் கைநழுவித்தான் போனது. சோலைமலை கேட்டுக்கும் கிரில்லுக்கும் வெல்டிங் வைத்து ஷெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். காப்புரிமை அந்த மூன்று வரியோடு கிடைத்தது.

நான் ஓய்வுபெறும் வருடம் அந்தக் கம்பெனி புது மாடல் இறக்கியது. சுமை பார்த்துத் திரும்பும் இயந்திரம், எல்லாம் எலக்ட்ரானிக்ஸ். இந்தத் தடவை நோட்டீஸ் அனுப்புமுன் பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு போய் அது ஓடுவதைப் பார்த்தேன், விரல் வைத்து மூன்று முறை படித்தேன். பதில் வந்தது. முதலில் வந்த கடிதத்தின் அதே மரியாதை, அதே சுருக்கம். அதன் நகலை சோலைமலைக்கு அனுப்பி, விஷயத்தைத் தமிழில் எழுதியிருந்தேன். அஞ்சு நிமிஷத்தில் போன் வந்தது. ஷெட் முழுக்க ஆட்கள் சத்தம், லேத் சத்தம், அதற்கு மேல் அவர் சிரிப்பு.

"அக்கா! அவய்ங்க மிஷின்ல ஸ்பிரிங்கு இல்லயாம்க்கா!"

"ஆமா, அப்பிடித்தான் எழுதியிருக்காங்க."

"நாம எங்கக்கா ஸ்பிரிங்குன்னு எழுதுனோம்?"

அடுத்த மாதம் கம்பெனிக்காரர்களே கப்பலூருக்கு வந்து உட்கார்ந்து பேசி, அந்த மாடலை விற்கக் காசு கட்டி அனுமதி வாங்கிக்கொண்டு போனார்கள். பேச்சியம்மாள் அவர்களுக்குக் காபி கொடுத்தாராம். மறுவாரம் சோலைமலை பழைய சான்றிதழைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். குலசாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் அந்த மூன்று வரியைத் தமிழில் எழுதி மாட்டிவிட்டாராம், இதற்கு அங்கே இடமில்லையாம்.

"தூக்கிப்போட மனசு வரலக்கா. ஒங்க வீட்டுல இருக்கட்டும்" என்றார்.

அவரே ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனார். அந்த ஃபிரேமின் பின்பக்கம் முதல் கிளெய்மை ஒட்டிவைத்திருக்கிறேன், ஒன்றரைப் பக்கம். அடுத்த முறை வருகிறவர்கள் செல்ஃபி எடுக்குமுன் அதைத் திருப்பி, விரல் வைத்துப் படியுங்கள். தண்ணீர்த் தட்டு ஒன்பதாவது வரியில் இருக்கிறது.